உப்புக்கு எடைக்கு எடை தங்கமா? மாலிப் பேரரசின் உண்மைக் கணக்கு

கேள்வி இதுதான்: “மாலிப் பேரரசில் உப்பையும் தங்கத்தையும் எடைக்கு எடை மாற்றிக்கொண்டார்கள் என்கிறார்களே, உண்மையா? அதன் மன்னர் மன்சா மூசாவுக்கு அவ்வளவு தங்கம் எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது?”

முதல் கேள்விக்குப் பதில், இல்லை. இரண்டாவதற்குப் பதில், அவருக்கென்று சுரங்கமே கிடையாது. மேற்கு ஆப்பிரிக்காவின் கானா, மாலி, சோங்காய் ஆகிய மூன்று பேரரசுகளையும் புரிந்துகொள்ள இந்த இரண்டாவது பதிலைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். தங்கம் விளைந்த இடமும் அவர்கள் கையில் முழுதாக இல்லை, உப்பு வெட்டிய இடமும் பெரும்பாலும் இல்லை. இரண்டும் சந்திக்கும் ஊர்கள்தான் அவர்கள் கையில் இருந்தன.

விலைக் கணக்கிலிருந்து தொடங்கலாம். மொராக்கோப் பயணி இப்னு பதூதா 1352இல் சகாராவைக் கடந்து மாலிக்குப் போனவர். ஓர் ஒட்டகச் சுமை உப்பு, பாலைவனத்தின் தென்விளிம்பில் உள்ள வலாத்தாவில் 8 முதல் 10 மித்கால் தங்கத்துக்குப் போனது என்றும், மாலித் தலைநகரில் 20 முதல் 30 மித்கால், சில சமயம் 40 மித்கால் வரை போனது என்றும் எழுதிவைத்திருக்கிறார். ஒரு மித்கால் சுமார் 4.25 கிராம். ஒட்டகம் சுமக்கும் உப்பை 130 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 30 மித்கால் என்றால் 127 கிராம், நம் கணக்கில் ஏறக்குறைய 16 பவுன். ஆக, ஒரு கிலோ உப்புக்கு ஒரு கிராம் தங்கம். எடைக்கு எடை என்பதிலிருந்து ஆயிரம் மடங்கு தள்ளி நிற்கிறது உண்மை.

எடைக்கு எடை என்ற பேச்சு, அந்தப் பக்கமே போகாதவர்கள் காதில் விழுந்ததை எழுதியதிலிருந்து வந்தது. ஆனால் ஒரு கிலோ உப்புக்கு ஒரு கிராம் தங்கம் என்பதே எவ்வளவு பெரிய விலை என்று யோசித்துப் பாருங்கள். அதோடு, வலாத்தாவில் நாலைந்து பவுனுக்கு வாங்கிய சுமை தலைநகரில் 16 பவுன் ஆகிறது. அந்த இடைவெளியில்தான் பேரரசே உட்கார்ந்திருக்கிறது.

உப்பு ஏன் அவ்வளவு விலை? தெற்கே அட்லாண்டிக் கரையில் உப்பு கிடைக்கத்தான் செய்தது. செனகல் ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே அவ்லீல் என்ற இடத்து உப்பைப் பற்றி 11ஆம் நூற்றாண்டிலேயே குறிப்பு உண்டு. ஆனால் கடலுப்பு உதிரி; ஈரக்காற்றில் கசியும், மூட்டையில் கரையும், நெடுந்தூரம் தாங்காது. சகாராவின் உப்போ பாறை. பலகைபோல வெட்டி எடுக்கலாம், கட்டித் தூக்கலாம், உடைத்துச் சில்லறையாகவும் கொடுக்கலாம். நைஜர் ஆற்றுச் சமவெளியில் கம்பும் சோளமும் அரிசியும் உண்டு, வெயிலில் வேர்வை சிந்த உழைக்கிற மக்களுக்கு உப்பு வெறும் ருசிக்கான பொருள் அல்ல. தாவரச் சாம்பலிலிருந்து உப்பு காய்ச்சினார்கள்தான், அது போதவில்லை.

அந்தப் பாறை உப்பு வந்த இடம் தகாஸா. சகாராவின் நட்டநடுவில், இன்றைய மாலி நாட்டின் வடகோடி. மொராக்கோவின் சிஜில்மாஸாவிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதாவின் சாத்து (ஒட்டகங்களோடு போகும் வணிகர் கூட்டம்) 25 நாளில் அங்கே சேர்ந்தது. வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டியவை, கூரை ஒட்டகத்தோல். மரம் ஒன்றுகூட இல்லை. தண்ணீர் உவர்ப்பு, ஈத்தொல்லை தாங்கவில்லை. வெட்டுகிற வேலை முழுவதும் மஸூஃபா என்ற சகாரா பெர்பர் இனத்தாரின் அடிமைகள் தலையில். அவர்களுக்கு உணவாக வடக்கேயிருந்து பேரீச்சம்பழமும், தெற்கேயிருந்து தினைவகைத் தானியமும் வர வேண்டும். ஒட்டக இறைச்சி மட்டும் அங்கேயே கிடைக்கும். சாத்து வரத் தாமதமானால் அடுப்பு எரியாது. நிலத்தைத் தோண்டினால் தடித்த பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்ததுபோல் இருக்கும், ஓர் ஒட்டகம் இரண்டு பாளம் சுமக்கும் என்கிறார் பதூதா. கையை நீட்டினால் செல்வம், குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. இந்த ஊரை நேரடியாகப் படை வைத்து ஆள்வது எந்த அரசுக்கும் கட்டுப்படியாகாத வேலை.

தகாஸாவுக்குத் தெற்கேதான் உண்மையான ஆபத்து தொடங்கியது. முதலில் பத்து நாள் வழி; தண்ணீர் கிடைப்பது அரிது. பதூதா போன ஆண்டு மழைநீர் குட்டைகளில் தேங்கியிருந்ததால் தப்பித்தார்கள். பிறகு தாஸரஹ்லா என்ற நீர்நிலையில் மூன்று நாள் தங்கல். ஓய்வுக்காக மட்டுமல்ல. தோல்துருத்திகளில் ஓட்டை அடைத்து, தண்ணீர் நிரப்பி, ஒவ்வொன்றுக்கும் மேலே முரட்டுச் சாக்குத்துணியைச் சுற்றித் தைப்பார்கள். பாலைவனக் காற்று தோலின் வழியாகவே தண்ணீரை உறிஞ்சிவிடும், அதைத் தடுக்கத்தான் அந்த உறை. தையல் சரியில்லையென்றால் சாவு.

அங்கிருந்து தக்ஷீஃப் எனப்படும் தூதாளை முன்னே அனுப்புவார்கள். மஸூஃபா இனத்து ஆள், தனியாக வலாத்தாவுக்குப் போவார். சாத்தில் உள்ளவர்கள் தங்களுக்குத் தங்க வீடு பார்க்கவும், தண்ணீரோடு எதிர்கொண்டு வரவும் சொல்லிக் கடிதம் கொடுத்தனுப்புவார்கள். வலாத்தாக்காரர்கள் நாலு நாள் தூரம் தண்ணீர் சுமந்துவந்து எதிரே நிற்பார்கள். வலாத்தாவில் தெரிந்தவர் யாரும் இல்லாதவர், அங்கே நல்ல மனிதர் என்று பேர் வாங்கிய வணிகருக்கு எழுதுவார், அவர் தண்ணீரில் பங்கு தருவார். தக்ஷீஃப் வழியில் செத்துவிட்டால் சாத்து வருவது வலாத்தாவுக்குத் தெரியாது, சாத்தில் பெரும்பாலோர் கதை அங்கேயே முடிந்துவிடும். பதூதாவின் சாத்து அந்த ஒரு ஆளுக்குக் கொடுத்த கூலி 100 மித்கால். 425 கிராம், 53 பவுன்! ஏழாம் நாள் இரவில் எதிர்கொள்ள வந்தவர்கள் மூட்டிய நெருப்பு தெரிந்தது என்று அவர் எழுதும்போது அந்தக் கூலி அதிகம் என்று யாருக்கும் தோன்றாது. சாத்தின் வழிகாட்டிக்கு ஒரு கண் இல்லை, மறு கண்ணிலும் நோய். ஆனாலும் அவரைவிடப் பாதை தெரிந்தவர் யாரும் இல்லையாம்.

வலாத்தாவோடு ஒட்டகத்தின் வேலை குறைகிறது. தெற்கே போகப்போக ஈரம் கூடும், செட்சி ஈ கடித்தால் ஒட்டகமும் குதிரையும் நோயில் விழும். அதனால் சுமை கைமாற வேண்டும். ஒட்டகத்திலிருந்து கழுதைக்கு, திம்புக்டு வழியாக வந்தால் நைஜர் ஆற்றுப் படகில் ஜென்னே வரைக்கும், அதற்கும் தெற்கே மனிதர் தலைக்கு. 1455இல் மேற்குக் கரையோரம் வந்த வெனிஸ் வணிகர் கடமோஸ்தோ, ஆட்கள் உப்புப் பாளத்தைத் தலையில் சுமந்து, களைத்தபோது சுமையை நிறுத்திவைக்கக் கவட்டுக்கோல் கையில் வைத்திருந்ததைக் கேட்டறிந்து எழுதியிருக்கிறார். விலை ஏற்றத்துக்குக் காரணம் தூரம் மட்டுமல்ல. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பாளம் உடையலாம், உடைந்தால் மதிப்பு குறையும். ஒவ்வொரு இடத்திலும் கிட்டங்கி வேண்டும், தரகர் வேண்டும், மாற்று விலங்கு வேண்டும், சோறு வேண்டும். அப்படிக் கைமாறிய இடங்கள்தான் வலாத்தா, திம்புக்டு, ஜென்னே, காவோ. வரைபடத்தில் இந்த ஊர்களை வரிசையாகப் பார்த்தால் எல்லாமே ஒரு வாகனம் நின்று இன்னொன்று தொடங்கும் இடங்கள் என்பது விளங்கும்.

மன்னர்கள் சுங்கத்தை வைத்ததும் இங்கேதான். மூன்று பேரரசுகளில் மூத்தது கானா. சோனின்கே மக்கள் அதை வகாடு என்பார்கள். ‘கானா’ என்பது மன்னரின் பட்டம். இன்றைய கானா நாடு 1957இல் விடுதலையடைந்தபோது அந்தப் பழம்பெயரைச் சூட்டிக்கொண்டது, நிலப்பரப்பு வேறு. பழைய கானா இன்றைய தென் மொரித்தானியாவும் மேற்கு மாலியும். 1068இல் ஸ்பெயினின் கோர்தோபாவில் இருந்தபடி எழுதிய அரபு அறிஞர் அல்-பக்ரி அதன் வரிவிகிதத்தைச் சொல்கிறார்: ஒரு கழுதைச் சுமை உப்பு நாட்டுக்குள் நுழைய ஒரு தினார் (தங்க நாணயம்), வெளியே போக இரண்டு தினார். செம்புச் சுமைக்கு 5 மித்கால், மற்ற சரக்குச் சுமைக்கு 10 மித்கால். உள்ளே வரும்போது குறைவு, வெளியேறும்போது இரட்டிப்பு. உப்பு உள்நாட்டில் விற்றுத் தீர்ந்தால் மக்களுக்கு மலிவு. தெற்கே தங்க பூமிக்குக் கடத்திக்கொண்டு போனால் அந்த லாபத்தில் அரசுக்குப் பங்கு. நிர்வாகம் தெரிந்தவர் போட்ட வரி என்றுதான் சொல்ல வேண்டும்.

தங்கத்துக்கு வருவோம். பழைய வயல் பம்புக், செனகல் ஆற்றுக்கும் ஃபலேமே ஆற்றுக்கும் நடுவில். மாலி தலையெடுத்த காலத்தில் முன்னுக்கு வந்தது பூரே, நைஜர் மேல்பகுதியில், இன்றைய கினியாவில் சிகிரி பக்கம். சுரங்கம் என்றதும் பெரிய குகையை நினைக்க வேண்டாம். செம்மண்ணில் ஓர் ஆள் இறங்கும் அகலத்தில் செங்குத்துக் குழி, கிணறுபோல. அறுவடை முடிந்து நிலத்தடி நீர் இறங்கிய கோடையில் தோண்டுவார்கள். மழைக்காலத்தில் குழியில் நீர் ஏறும், பக்கச்சுவர் சரியும். அதோடு அது விதைப்புக் காலம், யாரும் வரமாட்டார்கள். ஆண்கள் தோண்டுவார்கள், பெண்கள் சுரைக்குடுவையில் மண்ணை நீரில் அலசிச் சுழற்றுவார்கள். லேசான மண் வழிந்தோட, கனமான பொன்துகள் அடியில் தங்கும். அந்தத் துகளைப் பறவை இறகின் குழாய்த்தண்டில் அடைத்து வைக்கும் வழக்கத்தைப் பிற்காலப் பயணிகள் நேரில் பார்த்திருக்கிறார்கள். உழவர் குடும்பங்களின் பருவவேலை இது. ஆயிரக்கணக்கான சிறுகுழிகளில் நடக்கும் இந்த வேலையை ஒரு தளபதியை அனுப்பிக் கைப்பற்றிவிட முடியாது.

கானா மன்னர் இதை எப்படிக் கையாண்டார்? கட்டியாகக் கிடைக்கும் தங்கம் மன்னருக்கு, துகள் மக்களுக்கு. இல்லாவிட்டால் தங்கம் பெருகி விலை விழுந்துவிடும் என்று காரணத்தையும் அல்-பக்ரியே சொல்லிவிடுகிறார். மாலி மன்னர்களின் அனுபவம் என்று 14ஆம் நூற்றாண்டு அரபு எழுத்தாளர் அல்-உமரி எழுதிவைத்தது இன்னும் வெளிப்படை. தங்க பூமியை வென்று அங்கே இஸ்லாத்தைப் பரப்பிப் பாங்கு ஒலித்தால் தங்கம் கிடைப்பது குறைந்துவிடுகிறது. ஆகவே அங்குள்ளவர்களை அவர்கள் சமயத்திலேயே விட்டுவிட்டுத் திறைமட்டும் வாங்கிக்கொள்கிறார்களாம். இதை மூடநம்பிக்கை என்று சிலர் ஒதுக்குகிறார்கள். அது தவறு என்பது என் கருத்து. தோண்டுகிறவர்களின் வழிபாடும் நிலவுரிமையும் குழி தோண்டும் முறையும் ஒன்றோடொன்று பிணைந்தவை. அதில் கைவைத்தால் மக்கள் குழியை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதைப் பட்டறிந்த ஓர் அரசின் பேச்சு இது.

துகள் வடக்கே போகும் வழியில் சுத்தமும் ஆனது. காவோவுக்கு வடக்கே தத்மக்கா என்ற வணிக நகரில் முத்திரையில்லாத ‘மொட்டைத்’ தினார்கள் புழங்கின என்கிறார் அல்-பக்ரி. அந்த இடத்தில் அகழ்ந்தபோது தங்கத்துணுக்கு ஒட்டிய நாணய அச்சுகளே கிடைத்தன. கூடவே கிடைத்த மூசை (உலோகம் உருக்கும் மண்கலம்) துண்டுகளில் கண்ணாடி இருந்தது. பொன்துகளோடு கண்ணாடித் தூளைச் சேர்த்து உருக்கினால் மணலும் மற்ற தாதுக்களும் கண்ணாடிக் குழம்போடு போய்விடும், தங்கம் கலக்காமல் கீழே திரளும். உடைந்த கண்ணாடிப் பாத்திரத்துக்குக்கூட அங்கே வேலை இருந்தது.

இப்போது மன்சா மூசா. 1235 வாக்கில் கிரினாப் போரில் சோசோ மன்னர் சுமாங்குருவை வென்று மாலியை நிறுவியவர் சுந்தியாட்டா கெய்த்தா. மூசா 1312 வாக்கில் பட்டத்துக்கு வந்தார், 1324இல் மக்கா போகும் வழியில் கெய்ரோவில் தங்கினார். கெய்ரோவின் பொருளாதாரமே தரைமட்டமானது என்று இணையத்தில் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். அல்-உமரி கொடுத்த எண்ணைப் பாருங்கள்: அதுவரை ஒரு மித்கால் தங்கம் 25 வெள்ளி திர்ஹமுக்குக் கீழே போனதில்லை, அவர் வந்துபோன பிறகு 22க்கு மேலே ஏறவில்லை, சுமார் 12 ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது. அதாவது 12 சதவீதச் சரிவு. ஒரு மனிதரின் செலவால் ஒரு பெருநகரத்தில் தங்கம் இவ்வளவு இறங்குவதே வியப்புக்குரியது, அதைத் தரைமட்டம் என்று ஊத வேண்டிய தேவையே இல்லை. ‘இன்றைய மதிப்பில் இத்தனை லட்சம் கோடி’ என்று அவருக்குப் போடும் கணக்குகளுக்கும் அடிப்படை கிடையாது. மாலி மக்களை ஏமாற்றி, ஒரு தினார் பெறும் சட்டையைக் கெய்ரோ வணிகர்கள் ஐந்து தினாருக்கு விற்றார்கள் என்பதும் அதே நூலில் உண்டு.

திரும்பும்போது மூசாவின் கை காலி. எகிப்திய வணிகர்களிடம் கடன் வாங்கினார். கடன் கொடுத்தவர்களில் ஒருவர் அலெக்சாந்திரியாவின் பெருவணிகர் சிராஜுத்தீன் இப்னுல் குவைக். வசூலிக்க முகவரை அனுப்பினார், முகவர் திரும்பவில்லை. பிறகு மகனோடு தாமே புறப்பட்டு வந்து, திம்புக்டுவில் இறந்துபோனார். மகன் மேலே பயணம்போய்க் கடனை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். அந்த வணிகரின் கல்லறையை இப்னு பதூதா திம்புக்டுவில் பார்த்தார். மாலியின் வாக்குக்கு வடக்கே என்ன மதிப்பு இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பெருவணிகம் தங்கத்தில் நடந்தது. சந்தையில் காய்கறிக்கு எதைக் கொடுப்பது? உப்புத் துண்டு ஒரு பணம், செம்புக் கம்பி ஒரு பணம், சோழி இன்னொன்று. நம் வீடுகளில் தாயம் உருட்டும் அதே சோழிதான், மாலத்தீவிலிருந்து போனது. இப்னு பதூதா 1340களில் மாலத்தீவில் காஜியாக (நீதிபதியாக) இருந்தவர் என்பதால் இரண்டு முனை விலையும் அவருக்குத் தெரியும். தீவுக்காரர்கள் சோழியைக் கடலிலிருந்து எடுத்துக் கரையில் குழியில் போட்டு வைப்பார்கள். சதை போய் வெள்ளை ஓடு மிஞ்சும். அங்கே ஒரு தங்கத் தினாருக்கு 4 லட்சம் சோழி, மலிந்தால் 12 லட்சம்கூட. மாலியிலும் காவோவிலும் அதே தினாருக்கு 1,150. கடலும் பாலையும் கடந்து ஏறக்குறைய 350 மடங்கு ஏறிவிட்டது. எல்லாச் சுமையும் ஊர்போய்ச் சேரவில்லை. மொரித்தானியாவின் மஅதன் இஜாஃபன் மணல்மேட்டில் 1964இல் ஆய்வாளர் தியோடோர் மோனோ ஒரு புதையலைத் தோண்டினார்: இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பித்தளைக் கம்பிகள், கூடவே சோழிகள். 11–12ஆம் நூற்றாண்டுச் சாத்து ஒன்று மணலில் இறக்கிவைத்து, எடுக்கத் திரும்பாமல் போன சரக்கு.

வடக்கே போனதில் மனிதர்களும் உண்டு, அதை மறைத்துப் பேசக்கூடாது. பதூதா 1353இல், காவோவுக்குக் கிழக்கே உள்ள தகத்தாவிலிருந்து ஊர் திரும்பிய சாத்தில் 600 அடிமைப் பெண்கள் இருந்தார்கள். மாலியில் வழிப்பறி பயம் இல்லை, அங்கே இறந்துபோகும் வெளிநாட்டவர் சொத்தை அரசு எடுத்துக்கொள்ளாமல் நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைக்கிறது என்று அவர் புகழ்ந்த அதே பாதையில்தான் இதுவும் நடந்தது.

இத்தனைக்கும் மாலியை அதன் உச்சகாலத்தில் நேரில் கண்டு எழுதிவைத்த பயணி பதூதா ஒருவர்தான். அல்-பக்ரி ஸ்பெயினை விட்டு வெளியே வரவில்லை, அல்-உமரி கெய்ரோவில் விசாரித்து எழுதினார். உள்ளிருந்து வரும் குரல் ‘ஜெலி’ எனப்படும் மரபுப் பாணர்களுடையது. சுந்தியாட்டா கதையைத் தலைமுறை தலைமுறையாகப் பாடுகிறவர்கள். சுமாங்குருவுடையது என்று போற்றப்படும் ‘சோசோ பாலா’ என்ற மரப்பலகை இசைக்கருவியை கினியாவின் நியகசோலா ஊரில் குயாத்தே குடும்பத்தார் இன்றும் காத்துவருகிறார்கள். பாணர் பாட்டில் ஆண்டும் விலையும் கிடைக்காது, ஆனால் எந்தக் குலம் யாருக்கு என்ன கடன்பட்டது என்பது துல்லியமாக இருக்கும். இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

மாலி தளர்ந்தபின் காவோவிலிருந்து எழுந்தது சோங்காய். அதன் மன்னர் சுன்னி அலி 1460களின் இறுதியில் திம்புக்டுவைப் பிடித்தார், பிறகு ஜென்னேயையும். ஆற்றுப்படகுகள்தான் அவர் பலம். சோங்காய் தகாஸாவரை கைநீட்டியது, வினையும் அங்கேயே வந்தது. தகாஸா உப்பில் ஒட்டகச் சுமைக்கு ஒரு மித்கால் எனக்குச் சேர வேண்டும் என்று மொராக்கோ சுல்தான் அகமது அல்-மன்சூர் கேட்டார். அஸ்கியா (சோங்காய் மன்னரின் பட்டம்) இரண்டாம் இஸ்ஹாக் மறுத்தார். சுமார் 4,000 வீரர்களோடு சுல்தானின் தளபதி ஜுதர் பாஷா சகாராவைக் கடந்தார், 1591 மார்ச்சில் தொந்திபியில் துப்பாக்கிகள் வென்றன. எதிரிமேல் ஓட்டிவிட்ட மாட்டுமந்தை வெடிச்சத்தத்தில் மிரண்டு சோங்காய் படைமேலேயே திரும்பியது.

வென்றவருக்குக் காவோவில் ஏமாற்றம். மராகேஷில் கழுதைக்காரர் தலைவனின் வீடு அஸ்கியாவின் அரண்மனையைவிட நன்றாக இருக்கும் என்று சுல்தானுக்குச் செய்தி போனது. இஸ்ஹாக் ஒரு லட்சம் மித்கால் தங்கமும் ஆயிரம் அடிமைகளும் தருகிறேன் என்றார், சுல்தான் ஏற்கவில்லை. தங்கம் விளையும் மண்ணே வேண்டும் அவருக்கு. திம்புக்டு கிடைத்தது, ஜென்னே கிடைத்தது, குழி தோண்டும் ஊர்கள் கிடைக்கவே இல்லை. தகாஸாவை மக்கள் கைவிட்டு, தெற்கே தவ்தென்னியில் புதிதாக உப்பு வெட்டத் தொடங்கினார்கள். பாளங்களைத் தோல்வாரால் கட்டி, ஒட்டகத்துக்கு நாலு பாளம் என்ற கணக்கில், அங்கிருந்து திம்புக்டுவுக்கு அந்த உப்பு இருபதாம் நூற்றாண்டு கடந்தும் வந்துகொண்டிருந்தது.